கரடிக் கணக்கு

முள்கம்பியில் சிக்கிய ஏழு ரோமங்களை
உறையிலிட்டுத் தேதி எழுதினாள் ஸல்கா.
கொச்செவ்யே காட்டில் அன்று மழை.
வேர் இருந்தால்தான் கணக்கில் சேரும்.
இருந்தது.

பெண், புதியது என்றது ஆய்வகம்.
பெயர் வைப்பதில்லை. எண் மட்டும்.

பிளம்ஸ் பழுத்த வாரம்
ஓஷ்பேயின் தேன்பெட்டிகள் மூன்று கவிழ்ந்தன.
மின்வேலி இருந்தது; பேட்டரி செத்திருந்தது.
இழப்பீட்டு மனுவில் அதை அவர் எழுதவில்லை.
பார்வையிடப் போன
அவளும் எழுதவில்லை.

நவம்பரில் வேட்டைச் சங்கத்திலிருந்து
தீப்பெட்டிக்குள் பஞ்சு சுற்றி
ஒரு பல்.
அறுத்து, உருப்பெருக்கியில் வளையம் எண்ணினாள்:
நான்கு.
திரையில் அதே எண்.

ஒதுக்கீட்டுக்கு உட்பட்டதுதான்.
கழித்தாள்.

கம்பியை மட்டும் கழற்றவில்லை.
முதுகு சொறிய
வேறு யாராவது வரலாம்,
பனிக்கு முன்.