பூவின் எடை

'பூ மாதிரி' என்று சொல்லிப் பழகிய வாய்களை
ஒருமுறை இந்தக் கூடத்துக்குக் கூட்டி வர வேண்டும்,
அதிகாலை நாலு மணிக்கு,
அன்னையர் தினத்துக்கு மூன்று நாள் இருக்கையில்.

மூன்று தட்டு வண்டி.
தட்டுக்கு எட்டு வாளி.
வாளிக்குள் அரை முழம் தண்ணீர்,
அதில் நின்றபடி தூங்கும் கென்ய ரோஜாக்கள்.
இருநூற்று எண்பது கிலோ.
தள்ளிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்,
பூ எது மாதிரி என்று.

எனக்குப் பூவோடு வேலையில்லை.
பதினேழாம் வாசலுக்குப் பின்னால் ஒரு தகர மேசை,
குறடு, கொக்கிக் கம்பி, கிரீஸ் டப்பா,
மல்லாக்கக் கிடக்கும் வண்டிகள்.
அச்சில் சுற்றியதை எல்லாம் பிடுங்கி எடுக்கிறேன்.
ரப்பர் வளையம். பட்டு நாடா. முள்.
ஒருநாள் யாருடையதோ நீளமான செம்பட்டை முடி.
கூடத்தில் ஐநூறு பேர்;
நான் தலைகளைப் பார்க்காமல் நடந்தேன் அன்று.

ஆறு வருடத்துக்கு முன்
நானும் தள்ளிக்கொண்டிருந்தவன்தான்.
தள்ளிக்கொண்டா? இல்லை, இழுத்துக்கொண்டு.
முதுகுக்குப் பின்னால் வண்டி,
முன்னால் போகும் அவசரம் மட்டும் கண்ணில்.
சரிவில் அது என்னைவிட வேகமாக வந்தது.
திரும்பி, சாய்வதைத் தாங்கப் போனேன்.
கை தானாக நீண்டது,
விழும் குழந்தையை எட்டிப் பிடிப்பதுபோல.
குழந்தை இருபது கிலோ இருக்குமா?
இடது கையில் இப்போது மூன்று விரல்.
கையுறைக்காரன் இன்னும்
ஐந்து வைத்துத்தான் தைக்கிறான்.

கெட்ட சக்கரத்துக்குச் சிவப்பு அட்டை கட்டுகிறேன்.
நூலில் கட்டுகிறேன்.
கெட்டது என்றால், நேரே போகச் சொன்னால்
ஜன்னல் பக்கம் போவது,
பூட்டினாலும் நழுவுவது, கீச்சிடுவது,
கீச்சிட்டுக்கொண்டிருந்து திடீரென்று நிறுத்திவிடுவது.
கடைசி ரகம்தான் மோசம்.

வியாழக்கிழமை வண்டிக்குத் தட்டுப்பாடு.
போலந்திலிருந்து வந்த யாகோதா,
பேச்சு குறைவு, பூட்ஸ் ஒரு அளவு பெரிது,
இரண்டு கைப்பிடிக்கும் உள்பக்கமாய்ப் பிடித்து
(வெளிப்பக்கம் பிடித்தால்
முட்டியைக் கதவு தின்றுவிடும்)
லாரிப் பலகையை நோக்கித் தள்ளினாள்.
பலகைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் இடுக்கு.
முன் சக்கரம் நின்றது.
மேல் தட்டு நிற்கவில்லை.

நான் பார்த்தேன்.
அவள் கையை எடுத்தாள்.
அவ்வளவுதான்.
இரண்டு கையையும் தோளுக்கு மேல் தூக்கி
மூன்றடி பின்னால் போனாள்,
நடனத்தில் அடி தவறியவள்போல.
இருபத்து நாலு வாளியும் ஒன்றாக இறங்கின.
தண்ணீர் என் மேசைவரை வந்தது.
கூடம் முழுக்க, இத்தனை வருடத்தில் முதல்முறையாக,
ரோஜா வாசனை.

ரீனுஸ் ஓடி வந்தான், கையில் பட்டியல்.
"எத்தனை போச்சு?"
யாகோதா பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.
அவன் குனிந்து எழுதிக்கொண்டான்: பத்து வாளி.
அவள் திருத்தவில்லை.
விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மறுபடி விரித்து,
நடுக்கம் நிற்கும்வரை எண்ணிக்கொண்டே இருந்தாள்.

வண்டி என்னிடம் வந்தது.
கவிழ்த்தேன். கொக்கியை விட்டேன்.
முதலில் பச்சைத் தண்டு. அப்புறம் நூல்,
இழுக்க இழுக்க வந்தது.
அதன் முனையில் நசுங்கி நாலாய் மடிந்து
என் கையெழுத்தோடு
சிவப்பு அட்டை.

யார் பிய்த்துக் கீழே போட்டது என்று
ரீனுஸ் கேட்டான். நானும் கேட்டேன்.
ஐநூறு பேரும் வியாழக்கிழமையைக் கை காட்டினார்கள்.

அட்டையை மேசை விளிம்பில் காய வைத்திருக்கிறேன்.
இன்று காலையிலிருந்து கம்பியில் கட்டுகிறேன்,
குறடால் மூன்று முறுக்கு.
மூன்று விரலுக்குக் கொஞ்சம் நேரமாகிறது.
ஆகட்டும்.