முதல் இடம்

பயணிகள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த
குமரிமுனையின் தலைசிறந்த விடுதி என்று
சாவிப் பலகைக்கு மேலே ஒரு கேடயம்.
விருது இலவசம்தான்.
மேடையேறி வாங்கத்தான் முப்பத்தெட்டாயிரம்,
ஜிஎஸ்டி தனி.

அந்தப் பயணிகளை எனக்குத் தெரியும்.
சலவைக்குத் துணியெடுக்க வரும் தாணுலிங்கம்,
மூன்று போனில் மூன்று பேராக.
முதலாளியின் மச்சினன்
மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டே
பஹ்ரைன்காரனாக.
இரவுப்பணியில் நான்
பெல்ஜியத்து மார்க்கரீட்டாகி எழுதினேன்:
"இங்கே சூரியன் என் கட்டிலருகில் உதித்தது."

உதிப்பது எதிர் லாட்ஜின்
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்.
அதுவும் ஏழு மணிக்கு மேல்.

நிஜமாகவே வந்து தங்கிய ஒருவர்
சோப்பு உறையின் பின்பக்கம்
'வெந்நீர் வரல்ல' என்று எழுதி
சாவியோடு வைத்துவிட்டுப் போனார்.
அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?
சட்டைப்பையில் கிடந்து
சலவைக்குப் போய்விட்டது.

போன மாதம் ஜெசிந்தாவுக்குப் பிரசவ நேரம்.
நாகர்கோவிலில் எந்த ஆஸ்பத்திரி என்று
நடுராத்திரியில் போனைத் தேய்த்தேன்.
ஒன்றுக்கு நாலு புள்ளி ஒன்பது நட்சத்திரம்.
பஹ்ரைனிலிருந்து ஒருவர்
மனம் நெகிழ்ந்து எழுதியிருந்தார்.

இரண்டு தடவை வாசித்தேன்.
ஆட்டோவைக் கூப்பிட்டு
அங்கேயே போகச் சொன்னேன்.