கடன் வாங்கிக் கழித்தல்

புதுவயலில் நெல் அவிகிற வாடை
மாலை வகுப்புப் பிள்ளைகளின் சட்டையில் இருக்கும்.
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

மார்ச் முப்பத்தொன்று.
சாக்கோட்டை ஒன்றியத்துக்கு நான் அனுப்பவேண்டிய
பயன்பாட்டுச் சான்றில் ஓரிடம்தான் பாக்கி:
மீதித் தொகை.
பூஜ்யம் போட்டால் திட்டம் முடிந்தது.

மில்லின் காய்கிற களத்தோரம், தகரக் கொட்டகை.
பொருட்களை எண்ணித் திரும்ப வாங்க வந்திருக்கிறேன்.
கரும்பலகை ஒன்று. மூலை உடைந்தது.
எழுத்து அட்டை இருநூற்று நாற்பத்தேழில்
ஒன்று குறைகிறது.
"ழ சார். சோலையழகு எடுத்துட்டுப் போயிட்டா.
அவ பேர்ல வருதாம்."
ரெஜினா இதைச் சொல்லும்போது
குரலில் மன்னிப்பு இல்லை.
திங்கள்கிழமை முதல் அவள்
காரைக்குடி ஜவுளிக்கடையில் பில் போடுவாள்.
மூன்று மாத ஆயிரங்கள் இன்னும் வரவில்லை.
அதைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும்
பேனாவைத் தேடுவதுபோல் பையைத் துழாவினேன்.

மாவட்டக் கூட்டத்தில் சொன்னார்கள்:
இனிப் பள்ளிகளே பார்த்துக்கொள்ளும்.
எதை வைத்து என்று எழுந்து கேட்ட
தலைமையாசிரியை உமையாளுக்கு
தேநீர் வந்தது.

பலகையில் சேவுகன்.
பள்ளி பூட்டிக் கிடந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு.
இப்போது ஐந்து.
முந்நூற்று இரண்டில் நூற்று நாற்பத்தேழு போனால்?
"ரெண்டுல ஏழு போகாது.
பக்கத்து வீட்ல கடன் கேக்கணும்."
பக்கத்து வீட்டில்?
"பூஜ்யம்."
சாக்பீஸ் நிற்கிறது. களத்தில்
யாரோ நெல்லைக் காலால் கிளறிப் போகிறார்கள்.
"அது அதுக்கு அடுத்த வீட்ல வாங்கி,
ஒன்ன குடுத்துட்டு
ஒன்பதை வச்சுக்கும்."

நூற்று ஐம்பத்தைந்து.
சரிதான். நான் கையில் எண்ணிப் பார்த்தேன்.

இருப்புப் பதிவேட்டில் எழுதினேன்:
கரும்பலகை, உடைந்தது, கழிக்கப்பட்டது.
அட்டை ஒரு பெட்டி, கறையான் அரித்தது.
இருபது வருஷ வேலையில்
இவ்வளவு சுத்தமான கையெழுத்தில்
பொய் எழுதியதில்லை.
சாவியை யார் வைத்துக்கொள்வது
என்று ரெஜினா கேட்டாள்.
உமையாள் டீச்சர் ஆறு மணிவரை இருப்பதாகச் சொன்னார்,
ஏப்ரல் மட்டும்.
ஜூன் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

பிறகு அந்தக் கட்டத்தில் பூஜ்யத்தைப் போட்டேன்.
அதற்கு அடுத்த வீடு எது என்று
படிவத்தில் இல்லை.

சேவுகன் விடையைச் சட்டைக்கையால் துடைத்துவிட்டு
என்னைப் பார்க்கிறான்.
"அடுத்த கணக்கு நீங்க போடுங்க சார்."