சனி ஞாயிறு மட்டும்

திங்கள் முதல் வெள்ளி வரை
சிவாஜிநகர் மாடியறை ஒன்றில் பல் தேய்க்கிறேன்.
முகம் தெரியாத வாய்களுக்குப் போகும்
செராமிக் கடைவாய்ப்பற்கள்.
மெருகு ஏற வேண்டும், உடம்பு தேயக் கூடாது.
ஒரு பல்லுக்கு இவ்வளவு என்று கூலி.

ஜே.சி. ரோட்டில் பழைய பாலிஷர் ஒன்று,
ஆறாயிரத்து எண்ணூறு சொன்னான்,
இரண்டு டீ ஆறும் நேரத்தில்
ஆறாயிரத்து இருநூறுக்கு இறங்கினான்.
ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்,
கொஞ்சம் பிடியுங்கள் என்று யாரோ தந்துவிட்டுப் போன
குழந்தையைப் போல.

ஜெசிந்தா ஒன்றும் கேட்கவில்லை.
இரவில் கணக்கு நோட்டைத் திறந்தால்
'மெஷின்' என்று எழுதி, எதிரே
தொகைக்குப் பதில்
ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

கார்டு அடிக்கப் பெயர் கேட்டான் அச்சகத்துப் பையன்.
ராயல், டைமண்ட், மிரர்
மூன்றும் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.
என் பெயரையே போடு என்றேன், அருமைநாயகம்.
இந்த ஊர்க்காரர்கள் அதைச் சொல்லி முடிப்பதற்குள்
கழுவிய வண்டி காய்ந்துவிடும் என்றாள் ஜெசிந்தா.
'நாயகம் கார் கேர். சனி ஞாயிறு மட்டும்.'
நூறு கார்டு.

முதல் வண்டி ஹொரமாவில்,
ஓர் அடுக்ககத்தின் இரண்டாவது பேஸ்மென்ட்.
ஆர்.சி. புத்தகத்தில் கறுப்பு. பார்வைக்குச் சாம்பல்.
பைப்பைத் திறந்தால் அபராதம் என்று
லிஃப்ட் கதவில் ஒட்டியிருக்கிறார்கள்.
வாட்ச்மேன் இரண்டு பக்கெட் பிடிக்க விட்டார்.
ஒன்றில் சோப்பு, ஒன்றில் துணி அலச.
அவ்வளவில் ஒரு காரைக் குளிப்பாட்டிவிடலாம்.
நம்ப மாட்டீர்கள். அன்றுவரை நானும்தான்.

சீட்டுக்கு அடியில் பிஸ்தா ஓடு,
ஏர்போர்ட் பார்க்கிங் சீட்டுகள் ஏழு,
ஒற்றைக் கம்மல்.
கம்மலை டாஷ்போர்டில் எடுத்து வைத்தேன்,
பிறகு யோசித்து, இருந்த இடத்திலேயே போட்டேன்.
பிறகு மறுபடி எடுத்து வைத்தேன்.

மூன்று மணி நேரம்.
தூசி போனதும் கறுப்பு வந்தது.
கறுப்பு வந்ததும் கீறல்கள் வந்தன.
டார்ச் பட்ட இடமெல்லாம் வட்ட வட்டமாகச் சிலந்தி நூல்.
ஐந்து வருடக் காலைகளில்
யாரோ உலர்ந்த துணியால் இழுத்த இழுப்புகள்.

குல்கர்னி சார் இறங்கி வந்தார்.
குனிந்து பார்த்தார்.
"நீ வர்றதுக்கு முன்னாடி இது இல்ல."

என்னிடம் போட்டோ இல்லை.
துணி நனைக்கும் முன் நாலு பக்கமும் படம் எடு என்பது
அந்த நிமிடத்தில்தான் உறைத்தது.
அழுக்குதான் சார் இதை மறைத்து வைத்திருந்தது என்று
சொல்ல எனக்குக் கன்னடம் போதாது.
ஆங்கிலத்தில் சொன்னால் சண்டையாகிவிடும்.
"ஒந்து நிமிஷா" என்றேன்.

பானெட்டின் வலது மூலையில்
உள்ளங்கை அகலத்துக்கு டேப் ஒட்டிக் கட்டம் கட்டினேன்.
அதற்குள் மட்டும் மெஷினை ஓட்டினேன்.
எவ்வளவு அழுத்துவது, எங்கே கையை எடுப்பது
என்று விரல்கள் யாரையும் கேட்கவில்லை.
திங்கட்கிழமையாக்கும் என்று நினைத்துக்கொண்டன.

டேப்பை உரித்ததும்
கட்டத்துக்குள் ட்யூப்லைட் ஒரே கோடாக நின்றது.
கட்டத்துக்கு வெளியே அதே ட்யூப்லைட்
தேங்காய் நாராகப் பிரிந்து கிடந்தது.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.
உள்ளே அவர் மூக்குக்கண்ணாடி தெரிந்தது,
தாடையில் ஷேவிங் விட்டுப்போன இடமும்.
"முழு வண்டிக்கும் எவ்வளவு?"
"நாலாயிரம் சார்."
"அடுத்த மாசம் பாக்கலாம்."
பேசியது எண்ணூறு. எழுநூறு கொடுத்தார்.

ஆக, ஹொரமாவில் ஒரு கறுப்புக் கார்
வலது மூலையில் மட்டும் பளபளத்துக்கொண்டு
சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிறது.
அவருக்கு அது உறுத்துமா என்று தெரியவில்லை.
எனக்கு உறுத்துகிறது.

வீட்டில், மைக்ரோஃபைபர் துணிகளைத்
தன் சேலைகளோடு ஊறவைக்கக் கூடாது என்று
தனி வாளி எடுத்துக் கொடுத்தாள் ஜெசிந்தா.
நோட்டில் 'மெஷின்' என்ற வரிக்குக் கீழே
எழுநூறு என்று எழுதினாள்.
கேள்விக்குறியை அழிக்கவில்லை.