தாமதத்துக்கு வருந்துகிறோம்

வழக்கமாக வரும் மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல்.
சிஸ்டர் அமலோற்பவம் போன் செய்தபோது
சாயம் பிசகிய நாற்பது டஜன் பனியனைத்
தனியே ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.
"துளசிமணி, உனக்கு இத்தாலி வருமல்ல?"

வரும்.
பதினோரு வருட மெயிலில் வந்தது.
தோள் தையல் பிரிகிறது.
இரண்டு கழுவலில் சுருங்குகிறது.
பெட்டிகளை அனுப்பிவிட்டோம்.
தாமதத்துக்கு வருந்துகிறோம்.
அதற்கு மேல் என்னிடம் இல்லை.
குழந்தை என்ற சொல்கூட எனக்கு
அளவுப் பட்டியலில்தான் பழக்கம்.

ஊத்துக்குளி ஆர்.எஸ்.ஸில் ரயில்வே கேட் போட்டிருந்தது.
வாடகைக் காரின் பின்சீட்டில்
ஒர்னெல்லா மடியில் ஒரு பொட்டலம்.
தாவிதே கையில் ஒரு போட்டோ,
பிடித்துப் பிடித்து ஓரம் சுருண்டது.
கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது.
அந்த ஆள் உதடு அசையப்
பெட்டி எண்ணினான்.
ஐம்பத்தெட்டு. நானும் எண்ணினேன்.

இல்லத்தின் முன்னறையில் மோர் கொடுத்தார்கள்.
பெருங்காயம் தூக்கல்.
பிறகு அவளைக் கூட்டிவந்தார்கள்.

கோகிலவாணி. ஆறு வயது.
பவுடர் கழுத்தோடு நின்றிருந்தது,
எண்ணெய் நெற்றிக்கு இறங்கியிருந்தது.
கையில் பாதி கடித்த முறுக்கு.
தின்னவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

ஒருவரும் பேசவில்லை.
பேசத்தானே என்னைக் கூப்பிட்டது.
ஒர்னெல்லா என் வாயையே பார்த்தாள்.
பழக்கத்தில் வந்துவிட்டது:
தாமதத்துக்கு வருந்துகிறோம்.

நாலு வருடம் காத்திருந்தவள்
முகத்தைப் பொத்திக்கொண்டாள்.
தாவிதே தன் கண்ணுக்கு
மோரைக் காரணம் சொன்னான்.

பொட்டலத்தில் மஞ்சள் கவுன், எலுமிச்சைப் படம் போட்டது.
பிள்ளை தொடவில்லை.
என் கைதான் போய்
அடிமடிப்பைத் திருப்பிப் பார்த்தது.
ஓவர்லாக் சுத்தம். நூல் தொங்கவில்லை.
அவிநாசி ரோட்டில் எந்த யூனிட் என்றுகூடச் சொல்லலாம்.
சொல்லவில்லை.
அளவு எட்டு வயதுக்கு. இவளோ ஒடிசல்.
"பெரிதாக வாங்கிவிட்டேனா?" என்றாள் ஒர்னெல்லா.
வளர்ந்துவிடுவாள் என்று சொல்ல வேண்டும்.
அந்தச் சொல் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.
"சுருங்காது" என்றேன்.

அப்போதுதான் துப்பட்டாவை இழுத்தாள்.
"ஏனுங்க அக்கா,
இவிய என்னயக் கூட்டிட்டுப் போறாங்களா,
இல்ல, நீங்கெல்லாம் சேந்து என்னயத்
தாட்டி உடறீங்களா?"

சிஸ்டர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
நாகர்கோயில்காரர், இருந்தாலும் புரிந்திருக்கும்,
இருபது வருடமாக இங்கே இருக்கிறாரே.
காட்டுக்குள் புகுந்த வெள்ளாட்டைத் தாட்டுவோம்.
விருந்து முடிந்தால் ஒரம்பரையைத் தாட்டுவோம்,
பஸ் ஏற்றி, கையில் தேங்காய் கொடுத்து.
இவள் எதைக் கேட்கிறாள்?

"என்ன சொல்கிறாள்?" என்றான் தாவிதே.
அனுப்புவதற்கு என்னிடம் ஒரே சொல்,
எடை போட்டு, நம்பர் ஒட்டி,
தூத்துக்குடி வழியாகப் போகும் சொல்.
நாக்கு அதற்கு எழவில்லை.
"கூடவே இருப்பீர்களா என்று கேட்கிறாள்" என்றேன்.

அவன் எழுந்து வந்து
சிமெண்ட் தரையில் உட்கார்ந்தான்,
வெள்ளைப் பேண்ட்டோடு.
போட்டோவை நீட்டினான்.
அவள் தன்னையே வெகுநேரம் பார்த்தாள்.
"இதுல என்ற பல்லு உளுகுல" என்று
கீழுதட்டை இழுத்து ஓட்டையைக் காட்டினாள்.
அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.
அவனும் தன் கீழுதட்டை இழுத்தான்,
எல்லாப் பல்லும் இருந்தது,
அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்,
கொஞ்சம் ஏமாற்றத்தோடு.
முறுக்கில் சின்னத் துண்டை ஒடித்துத் தந்தாள்.
பெரியது அவளிடமே.

நாளைக்கும் வருவார்கள், ஒரு வாரம் வருவார்கள்.
சாப்பாட்டு மணி அடித்தது.
வரிசைக்குப் போனவள் கதவோரம் நின்று திரும்பினாள்.
"நீங்க சொல்லவே இல்லீங்களே."

"சித்த இரு கண்ணு" என்றேன்.
என் செருப்பைத் தேடுவதுபோல்
வாசலுக்கு வந்துவிட்டேன்.