கலவன் கூறு

களுவாஞ்சிகுடிச் சந்தையில்
சாமித்தம்பி கூறு வைப்பார்:
ஒட்டி நாலு, மணலை ரெண்டு,
காரல் ஒரு பிடி,
பேர் தெரியாத முள்ளுச் சாதி ஒன்று,
மேலே, கண்ணைக் கூப்பிட, ஒரேயொரு இறால்.
“தெரிஞ்செடுக்க ஏலா கா.
எடுத்தா முழுக்கூறு.”

நானும் அப்படித்தான் வாங்குகிறேன்,
மாதம் இருபத்தைந்தில்,
ஆஸ்பத்திரிச் சம்பளம் விழுந்த கையோடு,
மூவாயிரம் ரூபாய்க்கு,
கொழும்புப் பங்குச் சந்தையின் பெரிய கம்பனிகள்
ஒவ்வொன்றிலும் ஒரு கிள்ளு.
எது ஏறும் என்று ஆரையும் கேட்கத் தேவையில்லை,
ஆருடைய சிரிப்புக்கும் தரகு கொடுக்கத் தேவையில்லை.
சுட்டெண் நிதியம் என்கிறது தாள்.
“மீன் கூறு வந்திட்டா?” என்பார் என் மனிசன்.

அவர் ஒரே பாரையை நம்பி உலை வைத்தவர்.
கல்லடியில் ஆரோ சொன்ன ஹோட்டல் பங்கு,
எண்பதாயிரம், என் காப்பில் ஒன்று.
பதினாலு ரூபாய்க்கு வாங்கியது
ரெண்டு ரூபாயில் கிடக்கிறது.
அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

பெற்றோலுக்கு இரவிரவாய் வரிசையில் நின்ற வருசம்
எல்லாம் விழுந்தது. நிதியமும் விழுந்தது.
“எடு, எடு” என்றார்.
நான் சந்தையை நினைத்துக்கொண்டேன்:
வாங்க ஆளில்லாத நாளில்
சாமித்தம்பியின் கூறு பெரிசாகும்.
அந்த மூவாயிரத்துக்கு
முந்தின வருசத்தைவிட அலகு கூடக் கிடைத்தது.
கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை.
கட்டளையை நிறுத்த வங்கிக்குப் போவதற்கு
பஸ் ஓடவில்லை.

மறுகா, போன மாசியில்,
போனுக்கு ஆண்டறிக்கை வந்தது.
இரவுக் கடமை. வாட்டில் எல்லாரும் உறக்கம்.
என்னிடம் என்னென்ன இருக்கிறதென்று
முதன்முதலாய் வாசித்தேன்.
வங்கி, வங்கி, ஓடு, தேயிலை, சாராயம்
(அப்பா கட்டினதில் கொஞ்சம் திரும்பி வரட்டும்),
பதினோராவது வரியில்
நான் ஆறு வருசம் வேலை செய்த கம்பனி.
நுண்கடன். நூற்றுக்கு மூன்று தசம் இரண்டு.

செவ்வாய்க்கிழமைகளில்
குருமண்வெளித் துறையில் பாதை ஏறி
மண்டூருக்குப் போவேன்,
எழுவான்கரைக் காசைப் படுவான்கரையில் பொறுக்கி வர.
மஞ்சள் அட்டை, நீலப் பேனை, குடை.
கனகேஸ்வரியின் மகன் வாசலில் நின்று
“அம்மா இல்லை” என்றான்.
படியில் அவளுடைய செருப்பு, ஈரத்தோடு.
கடைசிப் பாதைக்கு இன்னும் நேரம் இருந்தது.
கதிரை கேட்டு வாங்கி
இருந்தேன்.

மூவாயிரத்தில் மூன்று தசம் இரண்டு:
தொண்ணூற்றாறு ரூபாய்.
ஒரு இறாத்தல் பாணுக்கும் காணாது.
மாதாமாதம் அந்தக் கதிரையில்
தொண்ணூற்றாறு ரூபாய்க்கு நான் இருக்கிறேன்.

காலையில் நிதியத்துக்குக் கோல் எடுத்தேன்.
ஒரு பொடியன். நல்ல தமிழ், நல்ல பொறுமை.
அதை மட்டும் கழற்ற ஏலுமா என்று கேட்டேன்.
“அப்படித் தெரிவு செய்ய இயலாது மேடம்.
வாங்கினால் முழுவதும்தான்.”

வெள்ளிக்கிழமை சந்தையில் கனகேஸ்வரி.
பக்கத்துக் கூறைக் குனிந்து பார்த்தவள்
என்னைக் கண்டு நிமிர்ந்தாள்.
“இப்ப அந்த வேலையில்ல போல.
மாதம் மாதம் என்னமோ போடுறீங்களாம்,
சீட்டோ மிஸ்?”
இன்னும் மிஸ் என்றுதான் கூப்பிடுகிறாள்.

சொன்னேன். ஏறும், இறங்கும்,
பத்து வருசம் தொடக்கூடாது,
தேவைப்படாத காசை மட்டும் போட வேணும்.
“தேவைப்படாத காசு,” என்றாள்,
தூரத்து ஊரொன்றின் பேரைச்
சொல்லிப் பார்ப்பவள் போல.
சிரித்தாள். நானும்.

பதினோராவது வரியை நான் சொல்லவில்லை.
அவள் கூறைப் பைக்குள் கவிழ்த்துக்கொண்டு
பாதை பிடிக்கப் போனாள்.
நான் என்னுடையதைத் தூக்கினேன்,
பேர் தெரியாத அந்த முள்ளையும் சேர்த்து.

இருபத்தைந்தாம் திகதி
மூவாயிரம் போனது.