மூன்றாம் நாள் புளிப்பு

போலந்தில் மூணு வருஷம்
மீன் பெட்டி அடுக்கியவர்
பெரியபட்டினத்துக்குக் கொண்டுவந்தது
ஒரு கம்பளிக் குல்லாவும் ஒரு பழக்கமும்.

முட்டைக்கோஸை நூலாய் அரிந்து
கல்லுப்புப் போட்டு, தண்ணீர் விடும்வரை பிசைந்து
ஊறுகாய் ஜாடியில் அமுக்குகிறார்.
பாரத்துக்கு, நான் இஞ்சி தட்டும் கல்.
அங்கே பத்து நாள் ஆகுமாம்.
நம்ம வெயில்
மூன்றாம் நாளே மூடியைத் தூக்கியது.

"குடலுக்கு நல்லது, சளி அண்டாது"
மருந்துக்கடைக்காரர் மாதிரி சொல்கிறார்.

ரை மாவு கிடைக்காமல்
கேப்பை மாவைப் புளிக்கவைத்து சூப் காய்ச்சினார்.
நம்ம கூழ்தானே என்று
நான் வாய் திறக்கவில்லை.
"எல்லாரும் பன்றித் தொத்திறைச்சி போடுவாங்க.
நான் அவிச்ச முட்டை மட்டும்.
தனியாத்தான்."

ராத்திரி போனில் கேட்பேன்,
சாப்பிட்டீங்களா?
சாப்பிட்டேன் என்பார்.
மூணு வருஷமும் அதே ஒரு சொல்.
என்னத்தை என்று நானும் கேட்டதில்லை.

இன்றைக்குப் பொரித்த சூடையோடு
ஒரு கை அள்ளி வைத்துக்கொண்டேன்.
கண்ணைச் சுருக்கும் புளிப்பு.
மென்றுகொண்டே,
"இதைத்தானா?" என்றேன்.

"அங்கே குளிருல்ல, மெஹராஜ்,
இன்னும் மெதுவாப் புளிக்கும்" என்றார்,
ஜாடியைப் பார்த்தபடி.